இருபத்தொரு எழுத்துகளில் ஒரு குரல்

அமுதவல்லி காலமான செய்தியை, கல்பாக்கம் பஸ்ஸில் பல ஆண்டுகள் அவர் பக்கத்து இருக்கையில் போய்வந்த தோழி போனில் சொன்னார். "அப்பகூட வூட்ல டிவி ஓடிகினு இருந்துச்சாம் சார்" என்றார் கடைசியில். அந்த வீட்டுக்குப் போனவர்களுக்கு, அது எதற்காக ஓடும் டிவி என்பது தெரியும்.

அமுதவல்லி கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், நான் வேலை பார்த்த கருவிப் பிரிவில் டெக்னீஷியன். கணவர் ஏழுமலை புதுப்பட்டினம் கரையில் மீன் ஏலம் விட்டவர். எதிர்காற்றிலும் அவர் குரல் படகுவரை கேட்கும். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்த பிறகு அவர் வாசலுக்குக்கூட வருவதில்லை. பள்ளிக்கூடம் போகாதவர், எழுதிக் காட்டவும் வழியில்லை.

அந்த நேரத்தில்தான் லண்டனிலிருந்து திரும்பிய ஒருவரிடமிருந்து ஒரு ஸ்பெக்ட்ரம் கணினி அமுதவல்லியிடம் வந்தது. சாதாரண வீடுகளும் வாங்கட்டும் என்று எண்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. புத்தக அளவில் கறுப்புப் பெட்டி, நாற்பது ரப்பர் பொத்தான்கள். திரைக்கு வீட்டு டிவி, நிரலை ஏற்ற டேப் ரிக்கார்டர். நினைவகம் நாற்பத்தெட்டு கிலோபைட். இன்று கைபேசிக்கு வரும் காலை வணக்கப் படம் ஒன்றுகூட அதில் அடங்காது.

அதில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்துக்குப் பதில் கட்டளைச் சொல்லே முழுதாக விழும். அதைக் கண்டதும் அமுதவல்லிக்குப் பொறி தட்டியது. எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் என்ன, பொத்தானின் இடம் தெரிந்தால் போதுமே!

ஆனால் அந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. நாமே வடிவம் வரைந்துகொள்ள இருபத்தொரு இடங்கள் மட்டும் விட்டிருந்தார்கள்; ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டு புள்ளி. கணவர் வழக்கமாகப் பேசியவற்றை நினைத்து நினைத்துப் பார்த்து, அவற்றுக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் வரைந்து, ஒரு பொத்தானுக்கு ஒரு பேச்சு என்று வைத்தார்.

முதல் நாள் நான் அங்கே இருந்தேன். டேப் கீச்சிட்டு ஓய்ந்தது. அமுதவல்லி ஒதுங்கி நின்றார். ஏழுமலை தயங்கி முதல் பொத்தானை அழுத்தினார். ஒரு 'பீப்', திரையில் "இன்னாமே".

"இன்னாயா?" என்று உடனே கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் அழுதார் அமுதவல்லி.

கண்ணைத் துடைத்ததும் கேலி. "ஊரையே கூட்டி ஏலம் வுட்டியே, பாத்தியா? நீ பேசறது மொத்தமும் இருபத்தோரு எழுத்துதான்யா!" ஏழுமலை சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

மின்சாரம் போனால் அந்தக் கணினி எல்லாவற்றையும் மறந்துவிடும். "கரண்ட் வந்தாதான் நம்ம ஆளு வாயத் தொறப்பாரு" என்பார் அமுதவல்லி. வந்ததும் மறுபடி டேப், மறுபடி கீச்சு. உப்புக்காற்றில் பொத்தானுக்கு அடியிலிருந்த தகடு கெட்டபோதெல்லாம் புதிதாக மாற்றினார்.

ஒருமுறை, எழுத்துகளுக்கு இடம் வேண்டி, இரண்டு மூன்று சொற்களை எடுத்துவிட்டு "சாப்ட்டு போ" என்பதைச் சேர்த்தார். ஏன் என்று கேட்டேன். "என்கிட்ட மட்டும் பேசினா போதுமாண்ணா? வூட்டுக்கு வர்றவங்ககிட்ட பேசவேணாமா?"

காரியம் முடிந்த மறுநாள் போனேன். உள்ளேயிருந்து கீச்சொலி கேட்டது. ஏழுமலை தானே டேப்பைப் போட்டிருந்தார். வெகுநேரம் இருவரும் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பொத்தானின் பக்கம் அவர் விரல் போகவே இல்லை.

நான் எழுந்தேன். 'பீப்' என்றது. எட்டுக்கு எட்டு புள்ளிகளில் அமுதவல்லி வரைந்த எழுத்துகள், கொஞ்சமும் மங்காமல்: "சாப்ட்டு போ".

உட்கார்ந்து சாப்பிட்டேன். அமுதவல்லியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு சொற்களைத்தான்.