பென்சில் கோடு இறங்கவில்லை

கோலசிலாங்கூரில் விடியலில் மழை பெய்தது என்று யாராவது சொன்னால், இன்றும் என் கண் கூரைக்குப் போகிறது.

அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை. கீழே கடை, மேலே கடைக்காரர் குடும்பம், அதற்கும் மேலே மொட்டை மாடி. பல வருட ஒழுகல். எங்கள் முதலாளி, தவ்கே, அந்தத் தளத்தில் தார் விரிப்பைச் சூடுகாட்டி ஒட்டும் வேலையை எடுத்திருந்தார். ஒட்டியது சரியா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. படிப்பு முடிந்து முதல் வருடம்.

குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். வடிகுழாய் வாயைச் சுற்றி இரண்டு அங்குலக் கரை கட்டுவது. கரை விளிம்புவரை தண்ணீர் நிரப்புவது. சுவரில் நீர்மட்டத்துக்குப் பென்சில் கோடு. ஒரு நாள் கழித்துக் கோட்டைப் பார்ப்பது. கீழே அறையின் உட்கூரை பழைய ஈரத்தில் கறுத்துக் கிடந்ததால், புதுக் கசிவு அங்கே தெரியாது. கோட்டைத்தான் நம்ப வேண்டும்.

"என்னம்மா, தண்ணிக்குக் காவலா? கப்பல் ஏதும் வருதா?" என்றார் மூத்த கொத்தனார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் கோட்டைப் போட்டேன்.

மறுநாள் நண்பகல் என் வீடு இருந்த எஸ்டேட்டிலிருந்து பேருந்தில் வந்து பார்த்தேன். நல்ல வெயில், சுவரெல்லாம் உலர்ந்திருந்தது. தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ஒரு நூல்கூட இறங்கவில்லை. 'இனி ஒழுகாது' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கடைக்காரர் இறைவனிடம் கையேந்தி துஆ செய்தார். "மகளுக்குப் புள்ள பொறந்து நாப்பது நாள் கழிஞ்சிருச்சு புள்ள. கூரையப் பூசிட்டா பேரப்புள்ளய மேல தூங்க வைக்கலாம்."

திரும்பும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் சொன்னாள்: "விடியக்காலம் இங்க என்னா மழை லா! துணியெல்லாம் போச்சு."

எங்கள் எஸ்டேட்டில் ஒரு துளி விழவில்லை.

பேருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் வருவதற்குள் கணக்கு புரிந்துவிட்டது. தளம் ஒழுகாவிட்டாலும் வெயில் ஒரு நூலாவது குடித்திருக்கும். இரவு எவ்வளவு இறங்கியதோ, அதை மழை நிரப்பியிருக்கிறது. மிச்சம் கரைமேல் வழிந்து போயிருக்கிறது. என் கோடு எதையும் சொல்லவில்லை.

மறுநாளே சொல்லியிருக்கலாம். தவ்கே செகிஞ்சானில் வேறு வேலையில் இருந்தார். அது ஒரு காரணம். கொத்தனார்களின் சிரிப்பு இன்னொன்று. 'ஒழுகாமலும் இருக்கலாம்' என்பது மூன்றாவது. இப்படி ஐந்து நாள் போனது. அந்த ஐந்து நாளும் நான் எங்கே உட்கார்ந்தாலும் எதிர்ச்சுவரில் அந்தக் கோடு தெரிந்தது.

ஆறாம் நாள் போனேன். கடைக்காரரின் மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்றாள். என்னை மேலறைக்குக் கூட்டிப் போனாள்.

கூரைக் கொக்கியில் ஸ்பிரிங் தொட்டில் தொங்கியது. சாரோங் துணிக்குள் குழந்தை இல்லை. இந்த ஐந்து நாளில் பூசிய கூரையின் புதுப் பூச்சு இருந்தது. ஈரக் கூரையில் பிடிக்காமல், தட்டு அகலத்துக்கு உரிந்து விழுந்திருந்தது. அந்தப் பாரத்தில் ஸ்பிரிங் நன்றாக இழுபட்டு நின்றது.

"குளிப்பாட்டத் தூக்கினேன் அக்கா. தண்ணிகூட ஊத்தல, சத்தம் கேட்டுச்சு."

நான் மழையைப் பற்றிச் சொன்னேன். ஐந்து நாளைப் பற்றியும் சொன்னேன். அவள் குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

தவ்கே திட்டினார், ஆனால் மறுபடி செய்ய ஒத்துக்கொண்டார். கைப்பிடிச் சுவரோரம், விரல் நீளத்துக்கு விரிப்பு ஒட்டாமல் வாய் திறந்திருந்தது. அதை ஒட்டினோம். மீண்டும் தண்ணீர் கட்டினோம். இந்த முறை பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்து, அதிலும் கோடு போட்டேன். மழை வந்தால் வாளி காட்டிக்கொடுக்கும். ஒரு நாளுக்குப் பதில் மூன்று நாள் விட்டோம்; மூன்று நாளும் வானம் தெளிவு. வாளியில் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவே தளத்திலும் இறங்கியது. கொத்தனார்கள் யாரும் சிரிக்கவில்லை.

"இனிமே ஒழுகாது, தங்கச்சி" என்று கடைக்காரரின் மகளிடம் சொன்னேன்.

"அன்னைக்கும் அதானே சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கீழே சமையலறைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில், தொட்டில் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அடுப்புப் புகை அங்கே வரும். அவளுக்கும் அது தெரியும்.

மேலறையில் நின்று இரண்டாவது கையெழுத்தைப் போட்டேன். கூரையில் மறுபடி பூசிய பூச்சு காய்ந்து வெள்ளையாக இருந்தது. நடுவில் கொக்கி மட்டும் தொங்கியது.