பூசைக்கு முன் கலந்த முட்டை சாலட்

நாங்கள் கடலூர் முதுநகர். மாசமாக இருக்கும் என் மகள் முட்டை சாலட் கேட்டாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கே அவித்த முட்டையை மசித்து, மயோனைஸும் பாலாடையும் கலந்து, ஃபிரிட்ஜில் வைக்காமல் மேஜையிலேயே மூடி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். நற்கருணை வாங்கும் முன் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அன்று பூசையோடு ஞானஸ்நானமும் இருந்ததால், வீடு திரும்பப் பதினொன்றரை ஆகிவிட்டது.

மகள் கரண்டியை எடுத்தாள்.

"இரும்மா, உங்கம்மா உப்பு போட்டாளான்னு பாக்குறேன்" என்று என் வீட்டுக்காரர் பிடுங்கி ஒரு வாய் விழுங்கினார். முகம் மாறியது. "புளிச்சிப் போச்சு. தொடாத!"

"பசிக்குதுப்பா. கொஞ்சூண்டு..."

"வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு என்னா கொஞ்சூண்டு?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த ஒரு வாய்க்கே சாயங்காலம் வரை அவருக்கு வயிற்றுப்போக்கு. மகள் கிண்ணத்தையே காலி செய்திருப்பாள்.

இப்போது பூசை முடிந்து வந்துதான் முட்டையே அவிக்கிறேன். பசி என்றாலும் பொறுக்கச் சொல்கிறேன்.