குவாடலூப்பில் அப்பா வழி தவறிய நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கினேன். வேலை முடிந்து வந்தால் அலுப்பு. நான் பெரிதாகப் படித்தவனும் அல்லன். இன்று சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் இருந்தோம். அப்பா லொறி ஓடினார், அம்மா பிஸ்கட் பக்டரியில் வேலைக்கு நின்றார். கனடாவுக்கு வந்தபின் முதல் விடுமுறையாகக் பிரெஞ்சு பேசும் குவாடலூப் என்ற எரிமலைத் தீவுக்குப் போனோம். அங்கே கரும்பு வெட்ட வந்த பழைய தமிழரின் பிள்ளைகள் கட்டிய அம்மன் கோயில் ஒன்று இருந்தது. அதில் ஓர் அர்ச்சனை செய்யவேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. மல்வேர்னில் வாங்கிய தேங்காயைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். தென்னை நிறைந்த தீவுக்குத் தேங்காய் கொண்டுபோன குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

கடைசி நாள் விடிய அப்பாவுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அவருடைய ஒரே தம்பி, எங்கள் சித்தப்பா, இறந்துவிட்டார். சொன்னால் அம்மாவின் விடுமுறை அதோடு முடிந்துவிடும். சொல்லாவிட்டால், சாவுத்துடக்கு வீட்டுக்காரர்களாகிய நாங்கள், முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கக்கூடாதவர்கள், தேங்காயோடு உள்ளே போய்விடுவோம். இதையெல்லாம் ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகே அப்பா சொன்னார்.

கோயில் பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடும். எட்டு மணிக்கே வாடகைக் காரில் வெளிக்கிட்டோம். அப்பா முதலில் மலைப்பக்கம் திருப்பினார். மழைக்காடு, அருவி, எரிமலையடியில் கந்தக மணம். எல்லா இடத்திலும் இறங்கிப் பார்க்கச் சொன்னார். பிறகு வாழைத்தோட்டம். மறுபக்கத்தில் மழையே காணாத கள்ளிக்காடு.

"என்னப்பா, உதுக்குள்ளாலை ஏன் போறியள்?" என்றார் அம்மா.

"போர்ட் எல்லாம் பிரெஞ்சில கிடக்கு. எனக்கு விளங்கேல்லை."

"கிழமைக்கு ரெண்டு தரம் கியூபெக்குக்கு ஓடுற ஆளுக்கு பிரெஞ்சு போர்ட் விளங்கேல்லையோ?"

நான் பின்சீற்றில் இருந்து, அப்பாவுக்கு ரோட்டுத் தெரியாது என்று பாட்டாகவே பாடினேன்.

"ஓம் ராசா, தெரியாது" என்றார்.

போய்ச் சேர மத்தியானம் ஒரு மணியாகிவிட்டது. கேற் பூட்டியிருந்தது. அம்மா தேங்காயை மடியில் வைத்தபடி, காரைவிட்டு இறங்காமலே அழுதார். "நான் கேட்டது இது ஒண்டுதானே." அப்பா ரோட்டின் மறுபக்கத்தில் நின்று கேற்றைப் பார்த்தார். கைகூடக் கூப்பவில்லை. அதற்கும் அம்மாவிடம் ஏச்சு வாங்கினார்.

திரும்பும் வழியில் கறுப்பு மணல் கடற்கரை ஒன்றில் காரை நிற்பாட்டி, போட்டிருந்த சேட்டோடு கடலில் இறங்கித் தலைமுழுகினார். அம்மாவின் கையைப் பிடித்து, "ஒருக்கா முழுகுமப்பா" என்று கெஞ்சினார். அம்மா அழுத முகத்தோடு முழுகி எழும்ப, ஓர் அலை வந்து தள்ளியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அப்பாவின் முதுகில் ஏறினேன். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அவரும் சிரிக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் பலமாகச் சிரித்தேன்.

இதை யாருக்காவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். அப்பா பொய் சொன்னதை மறைக்கவேண்டாம், அவரை மகானாக்கவும் வேண்டாம். கோயில் பூட்டும்வரை கார் ஓடினார், அவ்வளவுதான்.