செயலி கிடைக்காத இருபது பேர்

கல்வித் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றால், பாதிப் பேர் செல்போனை நீட்டி "இது ஏன் ஸ்லோவா இருக்கு, பாருங்க" என்பார்கள். மீதிப் பேர் "முனைவர் பட்டம் எப்பதான் முடியும்?" என்பார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. அங்கே வேலை பார்க்கும் நாற்பது பெண்கள் தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத இருந்தார்கள். பேசியே கணக்குச் சொல்லித்தரும் செயலியை இருபது பேருக்குக் கொடுக்க வேண்டும், மீதி இருபது பேருக்குக் கொடுக்கக் கூடாது, ஆறு வாரம் கழித்து வித்தியாசம் பார்க்க வேண்டும். இதுதான் என் ஆய்வு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

கையெழுத்து

முதல் நாள் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன். நான்கு பக்கம். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். "எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை" என்ற வரி வந்ததும் சோழபுரத்து முத்துமாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"டீச்சர், இந்த வரிய மட்டும் எங்க சூப்பர்வைசர்கிட்டயும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

பன்னெண்டு

செயலி கேட்டது: "விடை என்ன?" முத்துமாரி "பன்னெண்டு" என்றார். "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. நாலு தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடியது. "பன்னிரண்டுன்னு சொல்லிப் பாருங்க" என்றேன். சொன்னதும் செயலி கைதட்டியது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

"கணக்கு எனக்கு வருது, இதுக்குத்தான் தமிழ் வரல. செத்த நேரம் எங்ககூட இருந்தா பழகிரும்."

மில் வேன்

நான்காவது வாரத் தேர்வைத் திருத்தும்போது எனக்கு வியர்த்தது. செயலி இல்லாத இருபது பேரும் அதே அளவு முன்னேறியிருந்தார்கள். அந்தக் குழுவிலிருந்த செல்வியிடம் விசாரித்தேன். மறைக்காமல் சொன்னார்: வேலைக்கு வரும் வேனில் முத்துமாரி செயலியை ஸ்பீக்கரில் போடுவாராம், வேனே பதில் சொல்லுமாம்.

மூன்று வருட உழைப்பு போச்சு. முத்துமாரியைக் கூப்பிட்டு, "அவங்க காதுல விழவே கூடாதுன்னு சொன்னேன்ல?" என்று கத்திவிட்டேன். அழுகையும் வந்தது. அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பக்கத்து சீட்டுக்காரியும்தான் டீச்சர் பரீட்சைக்குப் போறா. நான் மட்டும் காதுல ஒயர மாட்டிக்கிட்டு எப்படிப் படிப்பேன்?"

வழிகாட்டி

வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனேன். இரண்டு குழுவின் கோடுகளும் ஒட்டிக்கொண்டு ஏறின. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அழுறத நிறுத்திட்டு, தலைப்ப மாத்திட்டு, நாளைக்குக் காலையில அந்த வேன்ல ஏறும்மா."

ஏறினேன். செயலி ஒரு கேள்வி கேட்டால் பதினைந்து பேர் பதில் சொல்கிறார்கள். செல்வி மறுக்கிறார், முத்துமாரி விட்டுக்கொடுப்பதில்லை, மில் வாசல் வருவதற்குள் சண்டையிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. என் நோட்டுப் புத்தகம் நிறைந்தது.

ரிசல்ட்

தேர்வு முடிவு வந்த அன்று முத்துமாரி போன் செய்தார். பாஸ். செல்வியும் பாஸ். நான் சந்தோஷத்தில் கூவிக்கொண்டிருக்க, எதிர்முனையில் குரல் சற்று இறங்கியே இருந்தது.

"கணக்குல செல்வி என்னைய விட ஒம்போது மார்க் கூட, டீச்சர். அடுத்தவாட்டி என்னைய அந்த ஆப்பு குடுக்காத குரூப்புல போடுங்க."

என் ஆய்வு எப்படிக் கெட்டுப்போனது என்பதைத்தான் இப்போது இருநூறு பக்கத்தில் ஆய்வேடாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.