மோர்ப் பந்தலில் எனர்ஜி டிரிங்க்

இன்று மதியம் டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல். அடிக்கிற வெயிலுக்கு ஒரு டம்ளர் குடிக்கலாம் என்று போனேன்.

மோர்ப் பானையே இல்லை. ஐஸ் பெட்டி நிறைய எனர்ஜி டிரிங்க் கேன்கள். பரீட்சை முடிந்து யூனிஃபார்மோடு வந்த ஆறாவது, ஏழாவது பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறார்கள்.

பந்தல் போட்டவரே கொடுத்துக்கொண்டிருந்தார். "மோர் இல்லையாண்ணா?" என்றேன்.

"மோரெல்லாம் இப்ப யாரு குடிக்கிறாங்கக்கா? கம்பெனிக்காரன் இத்த சும்மா குடுத்தான். பசங்க எப்டி குஷியா கீதுங்க பாரு."

ஒரு கேனை எடுத்துத் திருப்பினேன். 'குழந்தைகளுக்கு உகந்ததல்ல' என்று எறும்பு சைஸ் இங்கிலீஷில் அதிலேயே போட்டிருக்கிறது. படித்துக் காட்டினேன்.

"இன்னாக்கா, சாராயமா ஊத்திகினு கீறேன்? சும்மா பேஜார் பண்ணாத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குப் பின்னால் நாற்காலியில் அதே யூனிஃபார்மில் ஒரு சிறுமி. அவர் மகளாம்.

"அப்போ இவளுக்கும் ஒண்ணு குடுங்க" என்றேன்.

பதறிவிட்டார். "ஐய, வாணாம்க்கா! ஏழாவதுதான் படிக்குது. இத்த குட்சா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும், நைட்டு தூங்காது. அதுக்கு வூட்லேந்து மோர் கொண்டாந்து கீறேன்."

அப்படியென்றால் எல்லாம் தெரிந்துதான் கொடுக்கிறார்!

வரிசையில் நின்ற பிள்ளைகளும் ஏழாவதுதானே ஐயா?

உங்கள் ஏரியா பந்தலில் என்ன கொடுக்கிறார்கள், சொல்லுங்கள். எங்கள் டோல்கேட் மோர்ப் பந்தலில் இன்று மோர் குடித்தது ஒரே ஒரு குழந்தைதான்.