பம்பரத்தை மேடையில் ஏற்றினார்கள்

பள்ளியில் அவளுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர் வைத்தவர் கணக்கு டீச்சர். பெஞ்சில் சேர்ந்தாற்போலக் கொஞ்ச நேரம் உட்கார மாட்டாள். சாக்பீஸ் எடுத்து வர, பக்கத்து வகுப்புக்குச் சேதி சொல்ல என்று ஏதாவது சாக்கில் எழுந்து ஓடிவிடுவாள். படிப்பு முடிந்து, கல்யாணமாகி, பெற்ற மகளும் அதே பள்ளியில் கடைசி வகுப்புக்கு வந்தாயிற்று. பம்பரம் மட்டும் நின்றபாடில்லை. மருந்துக் கடை, பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி, கூரியர் ஆபீஸ் என்று மாறி மாறி, இப்போது ஒரு கால் சென்டரில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள்.

பள்ளியை முடிக்கப்போகும் பெண்களிடம் முன்னாள் மாணவிகள் வந்து வேலைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று தலைமையாசிரியை ஏற்பாடு செய்திருந்தார். வருவதாகச் சொன்ன வக்கீல் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, அந்த இடத்துக்குப் பம்பரத்தைக் கூப்பிட்டார்கள். மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, பார்த்த வேலையையெல்லாம் வரிசையா ஒப்பிச்சிடாத. டீம் லீடரா இருக்கேன்னு மட்டும் சொல்லு."

"நான் டீம் லீடர் இல்லையேடி."

"யாரு வந்து பார்க்கப்போறாங்க?"

பம்பரம் சிரித்து மழுப்பினாள். கால் சென்டர் வேலையை விடுவதாக அவள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆபீஸ் லிஃப்ட் நடுவில் நின்றுபோன ஒரு நாள், பழுது பார்க்க வந்தவர் பின்னாலேயே மொட்டைமாடி மெஷின் அறைவரை ஏறிப் போனவள், இருக்கைக்குத் திரும்பவே மனமில்லாமல் நின்றாள். பிறகு அந்த லிஃப்ட் கம்பெனியிலேயே பயிற்சி மெக்கானிக்காக இடம் கேட்டு வாங்கிவிட்டாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாள்.

மேடையில் கண் டாக்டருக்கும் வங்கி மேலாளருக்கும் நடுவே அவளுக்கு நாற்காலி. உட்கார்ந்ததுமே கால் ஆட ஆரம்பித்துவிட்டது. அதோடு மேஜையும் ஆட, தண்ணீர் தளும்பியது. டாக்டர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். ஒரு இலக்கைப் பிடித்தால் உயிரே போனாலும் விடக்கூடாது என்று வங்கி மேலாளர் பேசி முடித்தபோது கைதட்டல் கூரையைப் பிளந்தது. அடுத்தது பம்பரம். மூன்றாம் வரிசையில் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக் முன்னால்கூட அவளால் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. "நான் நிறைய வேலை மாறினவ. ஒவ்வொரு தடவையும் வேலையோட பேரைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். அதான் தப்பு. நீங்க அப்படிச் செய்யாதீங்க. காலைல பதினோரு மணிக்கு அந்த வேலைல இருக்கிறவங்க என்ன செஞ்சிட்டு இருப்பாங்கன்னு கேளுங்க. உட்கார்ந்திருப்பாங்களா, நிப்பாங்களா? யார்கிட்டயாவது பேசுவாங்களா, தனியா இருப்பாங்களா? முடிஞ்சா நேர்ல போய்ப் பாருங்க. அது உங்களுக்கு ஒத்துவருமான்னு யோசிங்க. டாக்டர் மேடம் ஒரே இருட்டு ரூம்ல நாள் பூரா கண்ணைப் பார்க்கிறாங்க. அவங்களுக்கு அது பிடிக்குது. எனக்குன்னா பைத்தியம் பிடிச்சிரும்."

டாக்டரே சிரித்துவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"அக்கா, பதினோரு மணிக்கு நீங்க என்ன செய்வீங்க?"

"ஹெட்போன் வயரை விரல்ல சுத்திட்டு, எப்ப எழுந்திரிக்கலாம்னு பார்த்துட்டு இருப்பேன்."

"அப்ப ஏன் அந்த வேலைல இருக்கீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "விட்டுட்டேம்மா. அடுத்த மாசம் லிஃப்ட் ரிப்பேருக்குப் போறேன்."

அரங்கமே கொல்லென்று சிரித்தது, கை தட்டியது. தலைமையாசிரியை அவசரமாக எழுந்து நன்றி சொன்னார். அதற்குள் மூன்றாம் வரிசையில் ஓரிடம் காலியாகியிருந்தது.

நிகழ்ச்சி முடியும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. பாதியிலேயே இறங்கி வராந்தா, ஆய்வுக்கூடம், தண்ணீர்க் குழாயடி என்று தேடினாள். மகள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தாள்.

"ஏண்டி, மானத்தை வாங்கிட்டேனா?"

"லிஃப்ட் ரிப்பேருக்குப் போ, ராக்கெட் ரிப்பேருக்குப் போ. எனக்கென்ன? முந்நூறு பேர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்லத் தெரியல."

மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று வீட்டில் கணவனிடமும் சொன்னாள். "லிஃப்டா? அதுல ஏறவே எனக்கு உதறுமே!" என்றான். பிறகு சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மெதுவாக, "இவ காலேஜ் சேர்ற வருஷமா பார்த்து?" என்றான். இரண்டாவது கேள்விதான் அவளைத் தூங்கவிடவில்லை. ஆனாலும் பின்வாங்கவில்லை.

பயிற்சியில் அவளுக்குத்தான் வயது அதிகம். கூடப் பயின்ற பையன்கள் ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். கிரீஸ் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை, படியேறி ஏறி முழங்கால் வலித்தது. ஒரு நாளைக்கு நாலைந்து கட்டடம். சாப்பாடுகூட நின்றபடிதான். இதுவும் அலுத்துவிடுமோ என்ற பயம் மட்டும் கூடவே வந்தது.

மகள் அந்த நாட்களில் அப்பா மூலமாகத்தான் பேசினாள். "அப்பா, அம்மாகிட்ட உப்பைக் கேளுங்க." பிறகு ஒருநாள் அவளாகவே ஓர் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய், கெஞ்சிக் கேட்டு, காலையிலிருந்து மத்தியானம்வரை ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். சமையலறை வாசலில் நின்றாள்.

"ஒருத்தரும் எழுந்திரிக்கவே இல்லம்மா. அவ்ளோ அமைதி. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

"யாரு வயித்துல வந்து யாரு பொறந்திருக்கா பாரு!" என்றாள் பம்பரம். மகள் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே வந்து தட்டை எடுத்தாள்.

மகள் கணக்கியல் சேர்ந்த மறுவருடம், கம்பெனியில் புகார்ப் பிரிவை மேற்பார்வையிடச் சொன்னார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை. பம்பரம் அன்று மதியம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, கல்லூரியில் இருந்த மகளுக்கே போன் போட்டாள்.

"என்னை ஆபீஸ்ல உட்காரச் சொல்றாங்க. வேணாம்னு சொல்லப்போறேன்டி."

"இதை என்கிட்ட சொல்றியா, கேக்குறியா?"

"சொல்றேன்."

"சரி, கிளாஸ் இருக்கு, வை."

எதிர்க் கட்டடத்து வாசலில் காவலாளி கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியைப் பார்த்து ஓடினாள்.