தொண்ணூற்றொன்பது சால்மன்

குகநாதன் அப்டன் பார்க் மீன்கடையொன்றில் பத்தொன்பது வருடமாக மீன் வெட்டுகிறார். படித்தது ஒன்பதாம் வகுப்பு. அவருடைய தங்கை ஜெயகௌரிக்கோ ஆறுகளில் இயற்கையாகப் பெருகும் சால்மன் மீன்கள் எந்த அளவு ஆபத்தில் இருக்கின்றன என்று மதிப்பிடும் வேலை.

"என்ர தங்கச்சி மீனைக் கொல்லாமலே சம்பளம் எடுக்கிறாள்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஓர் ஆற்றைப் பற்றி அவள் தன் பெயரில் தனியே எழுதும் முதல் அறிக்கை அது. ஞாயிறு மதியம் ஃபாரஸ்ட் கேட்டில் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். முட்டையிட நூறு மீனாவது கடலிலிருந்து திரும்பினால்தான் அந்த ஆற்றில் இனம் நிலைக்கும். ஒவ்வொன்றாகப் பிடித்து, படமும் ஒரு செதிளும் எடுத்து விட்டு எண்ணியதில் நூற்றுப் பன்னிரண்டு.

"ஆறு தப்பிட்டுது, அண்ணை! நாளைக்கு அனுப்பப் போறன்."

குகநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். சில மீன்களின் முதுகுத் துடுப்பு தேய்ந்து கட்டையாக இருந்தது, வால் முனை மழுங்கியிருந்தது. அப்படிப்பட்ட மீன்தான் தினமும் அவர் கைக்கு வருகிறது. சொன்னால் அவளுடைய ஆறு தோற்றுவிடும். சொல்லாவிட்டால் பிழையான கணக்கின் கீழ் அவள் பெயர் நிற்கும். அவள் தட்டில் இன்னொரு அகப்பை நண்டுக்கறி விட்டார்.

"கோவிக்காதை பிள்ளை. இதில பதினாலு பண்ணை மீன். கடலில கட்டின வலைக்கூட்டை உடைச்சு ஓடி வந்ததுகள். வலையில உரஞ்சிச் செட்டை தேஞ்சிருக்கு."

அவள் முகம் மாறியது. "எல்லாம் ஆத்து மீன் எண்டுதான் பட்டியலில வந்தது. அப்பிடியே எண்ணிப்போட்டன்."

"நீ படிச்சனி. நான் என்னத்தை—"

"விசர்க்கதை கதையாதேங்கோ. எந்தெந்தப் படம்?"

கலண்டர் தாளின் பின்புறத்தில் பதினான்கு படங்களின் இலக்கங்களையும் அவர் ஏற்கெனவே வரிசையாக எழுதி வைத்திருந்தார்.

மீன் எங்கே வளர்ந்தது என்பதைச் செதிளில் உள்ள வளையங்கள் காட்டிவிடும். அவள் அறிக்கையை நிறுத்திவைத்து, அந்தப் பதினான்கு மீன்களின் செதிள்களையும் வரவழைத்தாள். வியாழன் பின்னேரம் தொலைபேசி வந்தது.

"பதிமூண்டு பண்ணை மீன், அண்ணை. ஒண்டு மட்டும் நீங்கள் பிழை விட்டிட்டியள். அது ஆத்து மீன்தான், செட்டையைக் கடல்நாய் கடிச்சிருக்கு."

"அப்ப தொண்ணூற்றொன்பதோ? ஒண்டுதானே பிள்ளை குறையுது..."

"ஒண்டெண்டாலும் குறைவுதான். ஆபத்தில எண்டு எழுதிப்போட்டன். இனி அங்க ஆரும் பிடிச்சால் திருப்பி ஆத்தில விடோணும்."

தன்னைப் போலவே பிடிவாதக்காரி என்று அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஆனால் குரலில் காட்டவில்லை.

"நான் பிழை விட்டது எத்தினையாம் இலக்கம்?"

"எண்பத்தொண்டு."

தாளை எடுத்து, எண்பத்தொன்றை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் 'கடல்நாய்' என்று எழுதினார்.